லயர் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஆறு தந்தி, அவற்றைத் தூக்கிப் பிடிக்க ஒரு குதிரை, அவற்றை முறுக்க மேலே ஆறு பிரடை. ஐரோப்பாவின் இடைக்காலத் தந்திக் கருவியான லயர் இவ்வளவுதான். வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது, வயலினுக்கு இருப்பதுபோல வில்லும் கிடையாது. பார்த்தவுடன், ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு வாரத்தில் ஒரு தந்தி அறுந்தது, குதிரை இரண்டு முறை சாய்ந்தது, எது வாசித்தாலும் கோயில் மணியடித்த பிறகு வரும் ரீங்காரம் மாதிரி எல்லாமாகச் சேர்ந்து ஒலித்தது. நமக்குக் கை வராது என்று உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். நான்கு மாதம் கழித்து இறக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கையின் தப்பு கால்வாசி கூட இல்லை. மிச்சம் எல்லாம் பிரடையிலும் முடிச்சிலும் குதிரையிலும் இருந்தது.

அதனால் இங்கே ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் கருவியும் சுருதியும், கடைசியில்தான் விரல். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் "வாசிப்பு சேறாகக் கேட்கிறது" என்ற பகுதிக்கு வருபவர்கள், அதற்கு முன்னால் இருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

சொற்களுக்கு வீணைக்காரர்களிடமே கை நீட்டியிருக்கிறேன். தந்தியை முறுக்கும் ஆணி பிரடை. தந்தியைத் தாங்கும் பாலம் குதிரை. கீழ்முனையில் தந்திகளைக் கட்டும் துண்டு நாகபாசம். தாழ்ந்த ஒலி தருவது முதல் தந்தி, உச்ச ஒலி தருவது ஆறாம் தந்தி.

கையில் இருப்பது எந்த லயர்?

இணையக் கடைகளில் "லயர்" என்று தேடினால் பெரும்பாலும் வருவது 16 அல்லது 19 உலோகத் தந்தி கட்டிய சிறு கருவி. அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு தந்திக்கு ஒரு சுரம், தேவையானதை மீட்டினால் போதும். இங்கே சொல்லப்போகும் இடதுகை வித்தை எதுவும் அதற்குப் பொருந்தாது. சுருதி, கொரகொரப்பு பற்றிய பகுதிகள் மட்டும் பயன்படலாம். ஒரு எச்சரிக்கை: அதன் உலோக ஆணிகளைச் சாவியால் திருப்பும்போது நூலிழை அளவுதான் திருப்ப வேண்டும்.

இடைக்கால லயர் என்று நான் சொல்வது, 6ஆம், 7ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் கிடைத்த வகை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்ற இடத்தில், 1939இல் தோண்டிய கப்பல் கல்லறையில் மேப்பிள் மரத்தாலான ஒன்றின் துண்டுகள் கிடைத்தன. தெற்கு ஜெர்மனியின் டிராஸிங்கனில் 2001-02 குளிர்காலத்தில் ஏறக்குறைய முழுதாகவே ஒன்று கிடைத்தது. ஈர மண்ணில் புதைந்திருந்ததால் மரம் மக்கவில்லை. மர வளையங்களை எண்ணிப் பார்த்து அந்தக் கல்லறையின் காலம் 580 என்று கணித்தார்கள். நீளம் சுமார் 80 செ.மீ., அகலம் சுமார் 20 செ.மீ. இன்று செய்து விற்கும் நகல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துச் செய்தவை.

அகராதி பார்த்தால் லயருக்கு "யாழ்" என்று போட்டிருக்கும். அதை நம்பி யாழ் பற்றிய குறிப்புகளை வைத்து இதைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். யாழ் ஹார்ப் இனம். அதில் தந்திகள் பத்தர் என்னும் ஒலிக்குடத்திலிருந்து கிளம்பி, கோடு என்னும் வளைந்த தண்டுக்கு ஏறும். லயரில் அவை பலகைக்கு இணையாகப் படுத்து, குதிரை மேலேறிக் கடந்து போகும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. சட்டன் ஹூ துண்டுகளை அறிஞர்களே முதலில் சின்ன ஹார்ப்பாகத்தான் ஒட்டிவைத்தார்கள். அது லயர் என்று தெளிந்து மறுபடி செய்ய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

சுருதி இறங்கிக்கொண்டே இருக்கிறது

காலையில் சேர்த்தது மாலையில் இல்லை. சில சமயம் ஒரு பாட்டு முடிவதற்குள்ளேயே இல்லை. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். எது என்று கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும்.

பிரடையின் மேல் ஒரு சின்னக் கோடு, அதற்கு நேராகச் சட்டத்தில் ஒரு கோடு. குதிரையின் இரண்டு கால்களைச் சுற்றியும் பலகையில் மெல்லிய கோடு. சுருதி சேர்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். வந்து பார்க்கும்போது பிரடைக் கோடு விலகியிருந்தால் பிரடை வழுக்குகிறது. குதிரைக் கோடு விலகியிருந்தால் குதிரை நகர்கிறது. இரண்டும் அசையவில்லை, ஆனாலும் சுருதி இறங்கியிருக்கிறது என்றால், தந்தி நீள்கிறது அல்லது நாகபாச முடிச்சு மெல்ல இறுகுகிறது.

புதுத் தந்தி நீள்வது நோய் அல்ல. நைலானோ, நரம்பைப் (ஆட்டுக் குடலில் திரித்த தந்தி) போலவே செய்த செயற்கை இழையோ, முதல் நான்கைந்து நாள் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்த்துச் சேர்த்து விட வேண்டியதுதான். விரலால் தந்தியின் நடுவைப் பிடித்துப் பலகையிலிருந்து மெதுவாக ஒரு விரற்கடை தூக்கி விட்டு, மறுபடி சேர்த்தால் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும்.

பிரடை வழுக்கினால், அது வெறும் மரத்துளையில் மரம் உரசி நிற்கும் சமாசாரம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பற்சக்கரம் எதுவும் உள்ளே இல்லை. திருப்பும்போதே உள்நோக்கி அழுத்தித் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு அப்புறம் அழுத்தினால் சுருதி தாண்டிப்போகும். தந்தியின் கடைசிச் சுற்று சட்டத்தின் மரத்தை ஒட்டி வரும்படி சுற்றுங்கள், தந்தியின் இழுப்பே பிரடையை உள்ளே பிடித்து வைக்கும். இரண்டு, மூன்று சுற்று போதும். ஏழெட்டுச் சுற்று சுற்றினால் சுற்றுகளே ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அதற்கும் கட்டுப்படவில்லை என்றால் பிரடையை வெளியே எடுத்து, துளையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் தேய்த்துப் போடுங்கள். நேர்மாறாக, பிரடை இறுகிப்போய் "கிறீச்" என்று தாவித் தாவி நகர்ந்தால், உலர்ந்த சோப்பையோ பென்சில் முனையையோ அதே இடத்தில் தேய்க்கலாம். சுத்தியலை மட்டும் எடுக்க வேண்டாம். துளை ஒரு முறை விரிந்தால் சட்டமே பிளக்கும்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் பிரடை ஈரம் குடித்து ஊதும், இறுகும். ஏசி அறையில் சுருங்கும், வழுக்கும். ஆட்டு நரம்புத் தந்தி போட்டிருந்தால் இரண்டு மடங்கு ஆட்டம். சென்னையின் நவம்பரில் நான் நரம்புத் தந்தியோடு மல்லுக்கட்டி, கடைசியில் செயற்கை இழைக்கு மாறினேன். ஒலியில் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் வாசிக்கும் நேரம் சுருதி சேர்க்கும் நேரத்தை விட அதிகமானது.

தந்தி அறுந்துவிட்டது

எங்கே அறுந்தது என்று பாருங்கள். அறுந்த துண்டைத் தூக்கிப் போடுவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

குதிரையின் வெட்டு இருக்கும் இடத்தில் அறுந்தால் அந்த வெட்டில் கூர்விளிம்பு இருக்கிறது. மெல்லிய உப்புத்தாளை மடித்து இரண்டு முறை இழுத்துவிட்டு, பென்சில் தூள் பூசுங்கள். பிரடைத் துளையில் அறுந்தால் துளையின் விளிம்பை அதே மாதிரி மழுக்குங்கள். நட்டநடுவில் அறுந்தால், பெரும்பாலும் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள்.

என் முதல் தந்தி அப்படித்தான் போனது. கைபேசியில் இருந்த சுருதிச் செயலி "ஜி" என்று மேற்கத்தியச் சுர எழுத்தை மட்டும் காட்டியது, எந்த ஸ்தாயி என்று காட்டவில்லை. தந்தி ஏற்கெனவே சரியான ஜி-யைத் தாண்டியிருந்தது தெரியாமல், அடுத்த ஸ்தாயி ஜி-யைத் தேடி முறுக்கிக்கொண்டே போனேன். ஒரே தந்தியை ஒரு முழுச் சுரம் (ஸ-விலிருந்து ரி₂ வரையுள்ள தூரம்) உயர்த்தினால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடுகிறது. ஒரு ஸ்தாயி உயர்த்த வேண்டுமானால் நான்கு மடங்கு வேண்டும். எந்தத் தந்தியும் அதற்குத் தாங்காது. சட்டமும் தாங்காது. புதுத் தந்தி போடும்போது தொய்வான நிலையிலிருந்து மெல்ல ஏற்றி, பக்கத்துத் தந்தியோடு காதால் ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். செயலியைக் கடைசியில் பார்த்தால் போதும். முகத்தைத் தந்திக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் விலக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதி சேர்த்தாலும் சேராத மாதிரியே இருக்கிறது

எந்தச் சுரங்களுக்குச் சேர்ப்பது என்பதில்தான் பலர் முதலில் தடுக்குவார்கள். ஃபிரான்சின் செயின்ட் அமாண்ட் மடத்தைச் சேர்ந்த ஹக்பால்ட் என்ற துறவி, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய இசை நூலில், ஆறு தந்திக் கருவி ஒன்றின் இடைவெளிகளைச் சொல்லியிருக்கிறார்: முழு, முழு, அரை, முழு, முழு. இன்று லயர் வாசிப்பவர்களில் பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ. ஜி-யில் தொடங்கினால் ஜி, ஏ, பி, சி, டி, ஈ. எதில் தொடங்குவது என்பது உங்கள் தந்தியின் தடிமனைப் பொறுத்தது. செய்தவர் கொடுத்த தாளில் இருக்கும்.

நம் கணக்கில் சொன்னால் இது ஸ ரி₂ க₃ ம₁ ப த₂. நிஷாதம் இல்லை. சங்கராபரணமா, அரிகாம்போதியா என்று தீர்மானிக்க வேண்டிய சுரமே இல்லாததால் இரண்டுக்கும் இது பொது.

காதால் சேர்க்கும் வரிசை இது. முதல் தந்தியை வையுங்கள், அதுதான் ஸ. ஐந்தாம் தந்தியை அதற்குப் பஞ்சமமாக (ஸ-ப தூரம்) சேருங்கள். ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒரு மத்தியம இடைவெளியில் (ஸ-ம தூரம்) இரண்டாம் தந்தி. இரண்டாவதற்குப் பஞ்சமமாக ஆறாம் தந்தி. ஆறாவதற்குக் கீழே மத்தியம இடைவெளியில் மூன்றாம் தந்தி. கடைசியாக, முதல் தந்திக்கு மத்தியமமாக நான்காம் தந்தி.

சரிபார்க்க மூன்று ஜோடிகளை மீட்டுங்கள்: 1-4, 2-5, 3-6. மூன்றும் ஒரே இடைவெளி, எனவே மூன்றும் ஒரே மாதிரி தூய்மையாகக் கேட்க வேண்டும். இரண்டு தந்தி கிட்டத்தட்ட சேர்ந்திருக்கும்போது "வாங்... வாங்..." என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி நின்றுபோகும். அந்த அலை நிற்கும் இடத்தைக் கேட்கப் பழகிவிட்டால் செயலி தேவைப்படாது.

எல்லாம் சரி, ஆனால் ஸ-க-ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் மட்டும் மூன்றாம் தந்தி உறுத்துகிறதா? உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது. பஞ்சமங்களைக் கோத்துக்கொண்டே போய் அடைந்த காந்தாரம், செயலி காட்டுவதை விட 8 சென்ட் உயரத்தில் நிற்கும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்று கொள்க. ஸ-வோடு அலையில்லாமல் இழையும் காந்தாரமோ செயலி காட்டுவதற்கு 14 சென்ட் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் உறுத்தல். இடைக்காலக் கோட்பாட்டாளர்கள் இந்த உயர்ந்த காந்தாரத்தையே கணக்காக வைத்துக்கொண்டு, அதை இசைவான இடைவெளிகளில் சேர்க்காமல் விட்டார்கள். நமக்கு அந்தக் கண்டிப்பு வேண்டாம். கூட்டாக மீட்டி வாசிக்கும் நாளில் மூன்றாம் தந்தியை ஒரு மயிரிழை இறக்கிக்கொள்ளலாம், 3-6 ஜோடி கொஞ்சம் அலையும், அவ்வளவுதான்.

கொரகொரப்பு, "ஸ்ஸ்" என்ற இரைச்சல்

தம்புராவில் இதே இரைச்சலுக்காகக் குதிரையில் நூல் செருகி மெனக்கெடுகிறோம். லயரில் அது வேண்டாத இடத்தில் வந்து உட்காரும்.

எந்தத் தந்தியில் வருகிறது என்று தனித்தனியாக மீட்டிப் பாருங்கள். ஒரே தந்தியில் என்றால், முதலில் குதிரையின் வெட்டைப் பாருங்கள். வெட்டு தந்தியை விட அகலமாக இருந்தால் உள்ளே ஆடி இரையும். ஒரு சிட்டிகை காகிதத்தை வெட்டில் வைத்து மீட்டுங்கள், இரைச்சல் போனால் குற்றவாளி அதுதான். போகவில்லை என்றால் நாகபாசத்தில் முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தந்தி வாலைப் பாருங்கள். அது பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் கருவியில் மூன்று வாரம் தேடிய இரைச்சல் அந்த வாலில்தான் இருந்தது, நகவெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் முடிந்தது.

எல்லாத் தந்தியிலும் வந்தால் குதிரையின் கால் பலகையில் முழுதாக உட்காரவில்லை, அல்லது ஏதாவது ஒரு பிரடை தளர்ந்து ஆடுகிறது. ஒரு கையால் மீட்டிக்கொண்டே மறுகையால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பலகை ஓரத்தைப் பிடிக்கும்போது நின்றால் ஒட்டு விட்டிருக்கிறது. அதைச் செய்தவரிடமோ, நரம்புக் கருவி பழுதுபார்ப்பவரிடமோ கொடுங்கள். வீட்டுப் பசை வேண்டாம். கையில் மோதிரம், வளையல், சட்டைப் பொத்தான் எதுவும் படவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ப மாட்டீர்கள், பாதி நேரம் பொத்தான்தான்.

குதிரை சாய்கிறது, விழுகிறது

குதிரை ஒட்டப்பட்டது அல்ல. தந்திகள் அழுத்துவதால்தான் நிற்கிறது. அதனால் எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் விழத்தான் செய்யும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

சுருதி ஏற்ற ஏற்றத் தந்திகள் குதிரையின் தலையைப் பிரடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நான்கைந்து முறை சேர்த்தபின் பக்கவாட்டில் பார்த்தால் முன்னால் குனிந்திருப்பது தெரியும். இரண்டு கை கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலையைப் பிடித்து மெல்ல நிமிர்த்துங்கள். கால் அதே பென்சில் கோட்டுக்குள் இருக்க வேண்டும்.

அக்காலத்துக் குதிரைகள் மரம், எலும்பு, மான்கொம்பு என்று பலவிதமாகக் கிடைத்திருக்கின்றன. சுவீடனின் கோட்லாந்து தீவில் அம்பரில் கடைந்த ஒன்றுகூட உண்டு. கடைக்காரர் "அசல் அம்பர் போட்டால் ஒலி மாறும்" என்பார். மாறும்தான். ஆனால் அந்தக் காசுக்கு நாலு ஜோடித் தந்தி வாங்கலாம்.

வாசிப்பு சேறாகக் கேட்கிறது

இதுதான் பெரும்பாலானவர்களை விரட்டும் இடம். கருவி சரி, சுருதி சரி, ஆனாலும் ஒவ்வொரு தந்தியாக மீட்டினால் முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து, நாலு சுரத்துக்குள் எல்லாம் கலங்கிவிடுகிறது.

கிடாரையோ வீணையையோ பார்த்த பழக்கத்தில் நாம் இடதுகையைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வைக்கிறோம். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் 8ஆம் நூற்றாண்டின் வெஸ்பேசியன் சுவடியில் (விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் எழுதியது), தாவீது அரசன் லயர் வாசிக்கும் ஓவியம் உண்டு. அதில் வலக்கை முன்னால் இருக்கிறது, இடக்கை விரல்கள் தந்திகளுக்குப் பின்னால் தெரிகின்றன. இன்று பலர் அந்த விரல்களுக்குக் கொடுக்கும் வேலை தந்திகளை அடக்குவது. வலக்கை ஆறு தந்தியையும் ஒரே வீச்சில் வருடிக்கொண்டே போகும். பின்னால் இருக்கும் இடக்கை விரல்கள் வேண்டாத தந்திகளைத் தொட்டு வாயடைக்கும். தொடாதவை மட்டும் பாடும். அக்காலத்து லயர் இசை குறியீட்டில் எழுதப்பட்டு நமக்கு வந்து சேரவில்லை, அதனால் இதுதான் அவர்கள் வாசித்த ஒரே முறை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் இந்தக் கருவியில் சேறு தெளிய இதை விட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

உட்காரும் விதம்: லயரின் அடிப்பகுதி இடது தொடையில், கருவியின் உடல் இடது தோள் பக்கம் லேசாகச் சாய்ந்து. இடது கை பின்பக்கமாக வந்து, மேல்பாதியில் உள்ள திறந்த இடத்தில் தந்திகளைத் தொட வேண்டும்.

முதல் நாள் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்று விட்டு ஒன்றாக 2, 4, 6 ஆம் தந்திகளில் வையுங்கள். வலக்கையால் ஆறையும் வருடுங்கள். 1, 3, 5 மட்டும் ஒலிக்கும்: ஸ, க, ப. அடுத்து அதே விரல் அமைப்பை அப்படியே ஒரு தந்தி கீழே நகர்த்தி 1, 3, 5 ஐ அடையுங்கள். இப்போது 2, 4, 6 ஒலிக்கும்: ரி, ம, த. ஒரே கை, ஒரு தந்தி தூரம், இரண்டு கூட்டொலி. மேற்கத்தியக் கணக்கில் ஒன்று மேஜர், இன்னொன்று மைனர். முதல் வாரம் முழுக்க இந்த இரண்டுக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கலாம். கடிகாரத்தில் ஒரு நொடிக்கு ஒரு வருடல், நாலு வருடலுக்கு ஒரு மாற்றம். மாற்றம் நடக்கும்போது வலக்கை நிற்கக் கூடாது. இடக்கை தடுமாறினால் தடுமாறட்டும், வலக்கை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் மூன்றாவது அமைப்பைச் சேருங்கள்: 2, 3, 5 ஐ அடைத்தால் 1, 4, 6 ஒலிக்கும், ஸ, ம, த.

அப்புறம்தான் தனிச்சுரம். கைக்கு ஐந்து விரல், லயருக்கு ஆறு தந்தி. ஐந்தையும் வைத்தால் ஒரு தந்தி மிஞ்சும், வருடும்போது அது மட்டும் பாடும், மற்றவை "டக்" என்று தாளமாக விழும். எந்தத் தந்தியை மிச்சம் விடுகிறோமோ அதுவே மெட்டு. ஆரம்பத்தில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு விரலைச் சாய்த்துப் பக்கத்துத் தந்தியையும் சேர்த்துத் தொட்டுக்கொள்ளலாம். தவறில்லை.

இந்த "டக்" சத்தத்தைக் குறை என்று நினைத்து ஒளிக்கப் பார்த்தேன், பல நாள் வீணானது. தாளக்கட்டு முழுக்க அதில்தான் நிற்கிறது.

அடைத்த தந்தி மணி மாதிரி கணீரென்கிறது

விரல் மிகச் சரியான புள்ளியில் பட்டிருக்கிறது, தப்பான விஷயத்துக்கு. அதிரும் நீளத்தின் பாதியில் லேசாகத் தொட்டால் தந்தி அடங்காது, மேல் ஸ்தாயியில் பாடும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் அதற்கும் மேலே பஞ்சமம் கேட்கும். விரலை ஒரு அரை அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள், போய்விடும். எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் பின்னாளில் வேண்டுமென்றே வாசிக்கவும் உதவும்.

தொடுதல் மிக லேசாக இருந்தாலும் இப்படி வரலாம். நுனியால் தொடாமல் விரலின் சதைப்பற்றால் தொடுங்கள். அதற்காக அழுத்தவும் கூடாது, அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும், பக்கத்துத் தந்தியிலும் முட்டும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். வலக்கை நகம் இருக்கலாம்.

ஒலி செத்துப்போய் இருக்கிறது

குதிரைக்கு மிக அருகில் மீட்டினால் மெலிந்து கூர்மையாக வரும். தந்தியின் நடுவில் மீட்டினால் உருண்டு மொழுமொழுவென்று வரும். இரண்டுக்கும் நடுவே உங்களுக்குப் பிடித்த இடத்தைத் தேடுங்கள். கருவியின் முதுகை வயிற்றோடு அணைத்துப் பிடித்தாலும் ஒலி அமுங்கும். தந்தி எல்லாமே தளர்ந்திருந்தால் ஒரு முழுச் சுரம் ஏற்றிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மணிக்கட்டு வலிக்கிறது

இடக்கை கருவியைத் தூக்கிக்கொண்டும் இருக்கிறது, வாசித்துக்கொண்டும் இருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தின் இரு கைகளுக்கும் குறுக்கே ஒரு தோல்பட்டையோ பருத்தி நாடாவோ கட்டி, அதில் மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்ளுங்கள். எடை அதில் விழும், விரல் விடுபடும். தொடையில் வழுக்கினால் ஈரமான ஷாமி (மெல்லிய துடைப்புத் தோல்) அல்லது மேசைக்குப் போடும் ரப்பர் வலைத்துணி ஒரு துண்டு. ஒரு உட்காரலுக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று உட்காரல் என்றால் நாற்பது நிமிடம் ஒரேயடியாக வாசிப்பதை விட நல்லது. வலி இரவிலும் இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தெரிந்த பாட்டு எதுவும் அடங்கவில்லை

ஆறு சுரத்துக்குள் அடங்கும் மெட்டு வேண்டும். நம் பாட்டுகளில் பெரும்பாலானவை மேல் ஸட்ஜமத்துக்கு ஏறும், அங்கே தந்தி தீர்ந்துபோகும். நான்காம் தந்தியை அடைத்து வைத்தால் ஸ ரி க ப த, மோகனத்தின் சுரங்கள் கிடைக்கும். மேல் ஸ இல்லாத அரை மோகனம். கற்பனையாக உருட்டிக்கொண்டிருக்க நன்றாக இருக்கும், முழு உருப்படி தேறாது.

லயரின் ஊரிலிருந்தே எடுத்தால் கச்சிதமான ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துக் கைடோ, சுரங்களுக்குப் பெயர் வைக்கப் பயன்படுத்திய "உத் குவேயந்த் லாக்ஸிஸ்" என்ற லத்தீன் துதிப்பாடல். அதன் முதல் ஆறு சொற்றொடர்கள் ஒவ்வொன்றும் முந்தையதை விட ஒரு சுரம் மேலே தொடங்கும்: உத், ரே, மி, ஃபா, ஸோல், லா. இன்றைய டோ-ரே-மி வந்த வழி அதுதான். முழு மெட்டும் இந்த ஆறு சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, இடைவெளிகளும் முழு-முழு-அரை-முழு-முழு. கைடோ லயருக்காக இதைச் செய்யவில்லை, பாடகர் பிள்ளைகளுக்காகச் செய்தார். ஆனால் ஆறு தந்தியில் தந்திக்கு ஒரு தொடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. தந்திகளின் இடம் மனதில் பதிய இதை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தனியாக வருகிறது, ஆள் பார்த்தால் கை உறைகிறது

இது பழைய வியாதி. ஆங்கிலேயத் துறவி பீட் 731இல் முடித்த வரலாற்றில், விட்பி மடத்தில் வேலை செய்த காட்மன் என்ற மாட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறார். விருந்துகளில் தந்திக் கருவியைக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொருவரும் பாடுவார்கள். கருவி தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் காட்மன் எழுந்து வெளியே போய்விடுவாராம். ஒரு நாள் அப்படிப் போய் மாட்டுக்கொட்டிலில் படுத்தபோது, கனவில் ஒருவர் வந்து பாடச் சொன்னதாகவும், எழுந்தபோது பாட்டு இருந்ததாகவும் கதை.

கனவுக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு: முதல் தடவை மெட்டு வாசிக்க வேண்டாம். முதல் வாரத்துப் பாடமான ஸ-க-ப, ரி-ம-த இரண்டையும் மாற்றி மாற்றி வருடிக்கொண்டு, அதன் மேல் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு செய்யுளை, பாடாமல், இழுத்துச் சொல்லுங்கள். கேட்பவர்கள் சொல்லைக் கவனிப்பார்கள், விரலை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்வையை வலக்கையில் வைக்காமல் எதிர்ச் சுவரில் வையுங்கள். தப்பு வந்தால் நிறுத்தாமல், அடுத்த வருடலில் ஸ-க-ப-வுக்குத் திரும்பிவிடுங்கள்.

கூடத்தில் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் அரை மணி முன்பே கருவியை உறையிலிருந்து எடுத்து அங்கேயே வைத்துவிடுங்கள், அந்தக் காற்றுக்குப் பழகட்டும். உட்கார்ந்ததும் 3-6 ஜோடியை ஒரு தடவை மீட்டிப் பாருங்கள். என் கருவியில் மின்விசிறிக்குக் கீழே முதலில் இறங்குவது எப்போதும் ஆறாம் தந்திதான்.